சாக்கு போர்த்தினால் ஐஸ் சீக்கிரம் உருகுமா? அறிவியல் எடுக்கப் புதிதாக வருபவர்களுக்கு

ஏழாம் வகுப்பில் ஒரு நாள் இந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒரே அளவில் இரண்டு ஐஸ் கட்டி. ஒன்றை அப்படியே தட்டில் வைக்கிறோம், இன்னொன்றைச் சாக்கால் சுற்றி வைக்கிறோம். எது முதலில் உருகும்? பாதிக்கு மேல் சாக்கில் சுற்றியதுதான் என்று எழுதினார்கள், காரணமும் எல்லாருக்கும் ஒன்றுதான்: சாக்கு சூடு. அப்படி எழுதியவர்களில் காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பையனும் இருந்தான். அவன் அம்மா மீன் விற்கிறவர். "உங்கம்மா மீன் மேல ஐஸைக் கொட்டி, அதுக்கு மேல எதுக்குப்பா சாக்கு போடுறாங்க?" என்று கேட்டேன். "ஐஸ் நிக்கறதுக்கு மிஸ்" என்று பட்டென்று சொன்னான். சொல்லிவிட்டுக் கையிலிருந்த சீட்டைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். "அப்போ இது தப்பா மிஸ்?" என்று அவனே கேட்டான்.

அவனுக்கு விடை தெரியும், தினமும் கண்ணால் பார்க்கிறான். ஆனால் அறிவியல் வகுப்பில் உட்கார்ந்ததும் அந்த அறிவு வெளியே வாசலில் நின்றுவிடுகிறது. ஸ்வெட்டர் போட்டால் சூடாக இருக்கிறது, அதனால் துணி என்றாலே சூடு கொடுப்பது என்று அவனாகவே ஒரு விதி கட்டி வைத்திருக்கிறான். அந்த விதியை யாரும் அவனிடம் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. நாம் 'வெப்பக் கடத்தாப் பொருள்கள்' என்று போர்டில் எழுதுகிறோம், அவன் காப்பி பண்ணி மனப்பாடம் செய்து பரீட்சையில் முழு மார்க் வாங்கிவிடுகிறான். உள்ளே சாக்கு இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.

நான் தண்டையார்பேட்டைப் பக்கம் பல வருடங்களாக ஆறு முதல் பத்து வரை அறிவியல் எடுக்கிறேன். பி.எட். படிக்கும்போது பாடத்திட்டத்தில் 'முன்னறிவைச் சோதித்தல்' என்று ஒரு வரி எழுதுவோமே, அது வெறும் சடங்கு என்றுதான் முதல் சில வருடங்கள் நினைத்திருந்தேன். அந்த ஒரு வரிக்குள்தான் பாதி வேலை இருக்கிறது. அந்த வேலையை எப்படிச் செய்வது என்று இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, நான் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் கேளுங்கள், திருத்தாதீர்கள்

பாடம் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பே கேள்வியைப் போட்டுவிடுங்கள். 'வெப்பம் என்றால் என்ன' மாதிரிக் கேள்வி வேண்டாம், அதற்குப் பிள்ளைகள் புத்தக வரியைத்தான் ஒப்பிப்பார்கள். என்ன நடக்கும் என்று கேட்கும் கேள்வியாக இருக்கட்டும். ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ஒரே ஒரு ஒயர் கொடுத்து எரிய வைக்கப் படம் வரையச் சொல்லுங்கள். பாட்டிலில் ஐஸ் தண்ணீர் வைத்தால் வெளியே துளித்துளியாக வருகிறதே, எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி, கிழித்த நோட்டுத்தாளில் வாங்குங்கள். பெயர் இல்லையென்றால் பின் பெஞ்சிலிருந்தும் மனதில் இருப்பது வரும்.

எழுதத் தயங்கும் பிள்ளைகள் நிறைய. அவர்களில் இரண்டு மூன்று பேரைச் சாப்பாட்டு நேரத்தில் சும்மா உட்கார வைத்துப் பேசுங்கள். அப்போது நம் முகம் மாறக் கூடாது. பிள்ளைகள் நம் புருவத்தைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள், லேசாக நெற்றி சுருங்கினாலே விடையை மாற்றிவிடுவார்கள். இன்னொன்றும் பழகிக்கொள்ளுங்கள்: சரியான விடை சொன்னவனிடமும் "ஏன் அப்படி நினைக்கிறே?" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னவனிடம் மட்டும் 'ஏன்' கேட்டால், அந்தச் சொல்லுக்கே 'நீ தப்பு' என்று பொருள் வந்துவிடும். தவிர, சரியான விடைக்குப் பின்னால் வேடிக்கையான காரணங்கள் எத்தனையோ முறை கிடைத்திருக்கின்றன. "ஐஸ் பாட்டிலுக்கு வெளியே இருக்கிற தண்ணி காத்துல இருந்து வருது" என்று ஒரு பெண் எழுதினாள், சரி என்று டிக் போடப் போனேன். கேட்டபோதுதான் தெரிந்தது, ஃபேன் காற்று பாட்டிலுக்குள்ளிருந்து தண்ணீரை இழுத்துவிடுகிறது என்பது அவள் கணக்கு.

கிடைத்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பிள்ளைகளின் வார்த்தையிலேயே. இரண்டு வருடம் எழுதினால் அடுத்த வருடம் என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும், ஏனென்றால் பிள்ளைகள் மாறினாலும் இந்தக் கருத்துகள் பெரிதாக மாறுவதில்லை.

வீட்டுத் தமிழும் பாடத் தமிழும்

இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாதி குழப்பம் சொல்லில் இருக்கிறது. நம் பேச்சில் ஐஸும் கரையும், சர்க்கரையும் கரையும். "சீக்கிரம் சாப்பிடு, ஐஸ்கிரீம் கரையுது" என்றுதான் எந்த அம்மாவும் சொல்வார். புத்தகத்தில் ஒன்று உருகுதல், மற்றொன்று கரைதல். அதனால் "சர்க்கரை தண்ணியா மாறிடுச்சு மிஸ்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஐஸ் கரைந்தால் தண்ணீர்தானே ஆகிறது! ஒரு டம்ளரில் வெறும் சர்க்கரை, இன்னொன்றில் வெறும் ஐஸ், இரண்டையும் வெயிலில் வையுங்கள். ஐஸுக்கு யாருடைய துணையும் வேண்டாம், சர்க்கரைக்குத் தண்ணீர் வேண்டும். அதைப் பார்த்த பிறகு இரண்டு சொல் ஏன் தேவை என்று அவர்களுக்கே தெரியும்.

'கரன்ட்' இதைவிடப் பெரிய சிக்கல். கரன்ட் போச்சு, கரன்ட் பில், ஏசி கரன்ட் குடிக்குது. வீட்டில் நாம் சொல்லும் கரன்ட் பெரும்பாலும் மின்னாற்றல். மீட்டரில் ஓடும் யூனிட்டும் ஆற்றலைத்தான் அளக்கிறது, ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. புத்தகத்தில் இருப்பதோ மின்னோட்டம். இந்த வித்தியாசத்தை வாய்விட்டுச் சொல்லாமல் 'மின்னோட்டம் தீர்ந்துபோவதில்லை' என்று நாம் நடத்தினால், மாதம் தவறாமல் பில் வருகிற வீட்டுப் பிள்ளை எப்படி நம்பும்?

அப்புறம் 'வேலை'. மூட்டையைத் தலையில் வைத்து அசையாமல் நிற்கிறவர் வேலை எதுவும் செய்யவில்லை என்று இயற்பியல் சொல்கிறது. துறைமுகத்தில் லோடு தூக்குகிறவரின் மகள் அந்த வரியைக் கேட்டு என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அதிலிருந்து அந்தப் பாடத்தை இப்படித்தான் தொடங்குகிறேன்: உங்க அப்பா நின்றாலும் அவர் தசைகள் ஆற்றலைச் செலவழித்துக்கொண்டுதான் இருக்கின்றன, அவருக்குக் களைப்பு வருவது உண்மை. ஆனால் இந்தப் பாடத்தில் 'வேலை' என்ற சொல்லை ஒரு கணக்குக்காகக் கடன் வாங்கியிருக்கிறோம், விசையையும் அந்தத் திசையில் நகர்ந்த தூரத்தையும் பெருக்கி வருவதற்கு அந்தப் பெயர். வீட்டில் பேசுவது தப்பு என்று மட்டும் எந்தப் பாடத்திலும் சொல்லாதீர்கள். இரண்டு இடம், இரண்டு பொருள், அவ்வளவுதான்.

செய்து காட்டும் முன் எழுத வையுங்கள்

சோதனையை எடுத்ததும் செய்து காட்டிவிடுவதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்வது. பிள்ளைகள் கை தட்டுவார்கள், ஒன்றும் மாறாது. முதலில் ஒவ்வொருவரும் 'இதுதான் நடக்கும்' என்று நோட்டில் எழுத வேண்டும். கை தூக்கச் சொன்னால் முதல் பெஞ்சைப் பார்த்து மொத்த வகுப்பும் தூக்கும். அதனால் கண்ணை மூடி, நெஞ்சுக்கு நேராக விரல் காட்டச் சொல்லுங்கள்: முதல் விடைக்கு ஒரு விரல், இரண்டாவதற்கு இரண்டு. விடைகளையும் நீங்களே யோசித்து எழுத வேண்டாம், நோட்டில் சேர்த்து வைத்திருக்கிறீர்களே, அதிலிருந்து எடுங்கள்.

பிறகு பக்கத்தில் இருப்பவனிடம் மூன்று நிமிடம் வாதாடச் சொல்லுங்கள், மறுபடி விரல் காட்டச் சொல்லுங்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990களின் தொடக்கத்திலிருந்து கல்லூரி மாணவர்களிடம் இதைத்தான் செய்துவருகிறார். நம் வகுப்பில் அந்த மூன்று நிமிடமும் சந்தை மாதிரி இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இப்போது செய்யுங்கள்

ஐஸ் சோதனையில் ஒரு நுணுக்கம். சாக்கு நனைந்துவிட்டால் வெப்பத்தை நன்றாகக் கடத்திவிடும், விடை குழம்பும். இரண்டு கட்டியையும் தனித்தனியே பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, அப்புறம் ஒன்றை மட்டும் சாக்கிலோ கம்பளியிலோ சுற்றுங்கள். பீரியட் தொடக்கத்தில் வைத்தால் முடிவதற்குள் நம் ஊர் வெக்கைக்கு வித்தியாசம் நன்றாகத் தெரிந்துவிடும். இன்னொரு பக்கம் வெறும் சாக்குக்குள் ஒரு வெப்பமானியைச் சுற்றிப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள், வெளியே இருக்கும் அதே அளவைத்தான் காட்டும். 'சாக்கு சூடு' என்பதை உண்மையில் உடைப்பது இந்த இரண்டாவது சோதனைதான்.

ஐஸ் பாட்டிலுக்குச் சமையலறையில் வைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். இறுக்கி மூடிய பாட்டிலைத் துடைத்து வைத்து எடையைப் போர்டில் எழுதுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் சில கிராம் கூடியிருக்கும், கடல் பக்கத்து ஈரக் காற்று இதற்கு ரொம்ப வசதி. உள்ளிருந்து கசிந்த தண்ணீர் என்றால் எடை எப்படிக் கூடும்? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் நில்லுங்கள். அந்த அமைதியைக் கலைக்க வேண்டும் என்று உங்களுக்கு அரிக்கும். தாங்கிக்கொள்ளுங்கள். ரோஸ்மில்க் வைத்துச் செய்தாலும் வரும், வெளியே இருக்கும் துளி நிறமில்லாமல் இருக்கும், ஆனால் தராசு கொடுக்கும் அதிர்ச்சி அதில் இல்லை.

மின்னோட்டத்துக்கு இரண்டு டார்ச் பல்பு, மூன்று செல், தொடராக இணையுங்கள். பழைய குண்டு பல்பாக இருக்க வேண்டும், எல்இடி வேண்டாம், அது ஒரு பக்கம்தான் மின்னோட்டத்தை விடும், தேவையில்லாத குழப்பம். குண்டு பல்பு இப்போது எளிதில் கிடைப்பதில்லை, ரிச்சி தெருவில் தேடிப் பாருங்கள். முதல் பல்பு கரன்ட்டைச் சாப்பிட்டுவிட்டு மீதியைத்தான் அடுத்ததற்கு அனுப்பும், அதனால் இரண்டாவது மங்கலாக எரியும் என்று எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒரே மாதிரி எரியும். ஆனாலும் சில பிள்ளைகள் "இல்ல மிஸ், முதல் பல்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்பார்கள். பொய் சொல்லவில்லை, அவர்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. நம்பிக்கை கண்ணையும் திருப்பும். உண்மையிலேயே இரண்டு பல்புக்கும் சின்ன வித்தியாசம் இருக்கவும் கூடும். அதனால் பல்புகளை இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். மங்கலாக இருந்தது இடம் மாறியும் மங்கலாகவே எரிந்தால் குறை பல்பில், இடத்தில் இல்லை. இதை அவர்கள் கையாலேயே செய்ய வேண்டும்.

விசைக்கு வடசென்னையில் கேரம் போர்டைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமா நம் வடசென்னைப் பெண், அவரைத் தெரியாத பிள்ளை என் வகுப்பில் இல்லை. ஸ்ட்ரைக்கர் விரலை விட்டுப் போன பிறகு அதைத் தள்ளுவது எது என்று கேளுங்கள். விரல் கொடுத்த ஃபோர்ஸ் அதற்குள்ளேயே இருக்கிறது, தீர்ந்ததும் நின்றுவிடும் என்பார்கள். இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் புரிடான் என்ற அறிஞர், எறிந்த பொருளுக்குள் ஓர் உந்து ஏறிக்கொண்டு அதைச் செலுத்துகிறது என்று இதற்குக் கிட்டத்தட்டவே எழுதினார். 1687இல் நியூட்டன் விதிகள் அச்சாகும் வரைக்கும் பெரிய பெரிய தலைகளே இதோடு மல்லுக்கட்டியிருக்கின்றன.

இரண்டு ஆணிக்கு நடுவே ரப்பர் பேண்ட் மாட்டி, ஸ்ட்ரைக்கரை எப்போதும் ஒரே கோடு வரைக்கும் இழுத்து விடுங்கள். முதலில் போர்டு மேல் துணி விரித்து, அடுத்து பவுடர் போடாமல், அப்புறம் பவுடர் போட்டு. ஒவ்வொரு முறையும் போன தூரத்தை ஸ்கேலால் அளக்கட்டும். அடி ஒன்றுதான், பவுடர்தான் மாறியது. ஃபோர்ஸ் ஸ்ட்ரைக்கருக்குள் இருந்து தீர்கிறது என்றால் அதற்குப் பவுடரைப் பற்றி எப்படித் தெரியும்? உரசலே இல்லாத ஒரு போர்டு இருந்தால் எதுவரை போகும் என்று கடைசியாகக் கேளுங்கள். "போய்க்கிட்டே இருக்கும் மிஸ்" என்று ஒருத்தன் சொல்லுவான், சொல்லிவிட்டு அவனே திகைத்துப் போவான்.

பழையதைப் பிடுங்கினால் புதிதாக ஒன்று கொடுக்க வேண்டும்

சோதனை பழைய கருத்தை ஆட்டும், அவ்வளவுதான். 1982இல் போஸ்னர் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் எழுதியது இன்றைக்கும் எனக்கு அளவுகோல்: பழையதில் பிள்ளைக்கு ஒரு திருப்தியின்மை வர வேண்டும், புதியது புரிய வேண்டும், நம்பும்படியாக இருக்க வேண்டும், வேறு இடத்திலும் உதவ வேண்டும். மின்னோட்டத்துக்கு நான் சைக்கிள் செயினைக் கொடுக்கிறேன். பெடலை மிதித்தால் செயின் மொத்தமும் ஒரே நேரத்தில் நகரும், போன செயின் அப்படியே திரும்பி வரும், ஒரு கண்ணி கூடத் தீராது, ஆனால் நம் கால் சக்தி பின் சக்கரத்துக்குப் போய்விடும். செயின் மின்னோட்டம், கால் பேட்டரி. பதினொன்றாம் வகுப்பு அக்கா அண்ணன்களின் சைக்கிள் வளாகத்தில் நிற்கும், ஒன்றைத் தலைகீழாக நிறுத்திக் காட்டுங்கள். இந்த உவமை எங்கே உடையும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: செயின் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும், ஒயருக்குள் நடப்பது தெரியாது.

செடி மண்ணைத் தின்று வளர்கிறது என்பதற்கு வான் ஹெல்மான்ட் என்ற பழைய காலத்து அறிஞரின் கதையைச் சொல்லலாம். தொட்டியில் ஏறக்குறைய 90 கிலோ காய்ந்த மண்ணைப் போட்டு ஒரு வில்லோ கன்றை நட்டு, 5 வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 74 கிலோ அளவுக்குக் கூடியது, மண் குறைந்தது 60 கிராம் கூட இல்லை. எல்லாம் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கட்டியது தவறு, காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அவ்வளவு கவனமாக அளந்த மனிதரும் தவறியிருக்கிறார் என்றதும் பிள்ளைகளுக்கு ஒரு நிம்மதி வருகிறது.

நம்மையும் புத்தகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்

கத்திரி வெயிலில் சூரியன் கிட்டே வருகிறது என்று நம்புவது பிள்ளைகள் மட்டுமா? 1987இல் ஹார்வர்டு பட்டமளிப்பு விழாவில் பட்டதாரிகள், பேராசிரியர்கள் என்று 23 பேரிடம் பருவகாலத்தைப் பற்றியோ நிலவின் பிறையைப் பற்றியோ கேட்டார்கள், 21 பேர் தவறாகச் சொன்னார்கள். புத்தகத்தில் பூமியின் பாதையைச் சாய்வாகப் பார்த்து முட்டை வடிவில் வரைந்திருப்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலை தொடக்கத்தில் 15.2 கோடி. மார்கழிப் பனியில் நடுங்கும்போதுதான் கிட்டே இருக்கிறோம். கிரிக்கெட் பார்க்கும் பிள்ளைகளிடம் டிசம்பர் 26இல் தொடங்கும் மெல்போர்ன் டெஸ்டில் ஜனங்கள் என்ன உடையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள், மீதியை அவர்களே பிடித்துக்கொள்வார்கள். எந்தப் பாடத்தையும் எடுக்கும் முன் அந்தக் கேள்வியை நீங்கள் ஒருமுறை எழுதிப் பாருங்கள். நான் அப்படித்தான், செடிகள் இரவில் மட்டும் சுவாசிக்கின்றன என்று நானே நினைத்திருந்ததைக் கண்டுபிடித்தேன்.

ஒரு மாதம் கழித்து

பழைய கருத்து அழிவதில்லை, பதுங்குகிறது. அவசரத்தில், பரீட்சையில், வேறு வேடத்தில் கேட்டால் திரும்ப வரும். அதனால் ஒரு மாதம் விட்டு வேறு பொருளை வைத்துக் கேளுங்கள். சாக்குக்குப் பதில் தெர்மாகோல் பெட்டிக்குள் சூடான சாம்பார், கேரமுக்குப் பதில் கால்பந்து. வளரறி மதிப்பீட்டுக்கு எப்படியும் சிறு தேர்வு வைக்கத்தானே வேண்டும், அதில் இரண்டு கேள்வியை இப்படிப் போட்டுவிடலாம். திரும்ப விழுந்தவர்களைப் பார்த்து மனம் உடையாதீர்கள், இரண்டாவது சுற்றில் பாதி நேரம்தான் ஆகும்.

எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்ய முடியாது, போர்ஷன் முடிக்க வேண்டும். முதல் வருடம் நான்கே நான்கு எடுங்கள்: வெப்பம், மின்னோட்டம், விசை, நிலா. மற்றதை வழக்கம்போல நடத்துங்கள்.

நிலாவுக்குச் செலவே இல்லை. பூமியின் நிழல் விழுவதால்தான் பிறை தேய்கிறது என்று வகுப்பில் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். வீட்டில் கிழிக்கும் தினக் காலண்டரில் தேய்பிறை அஷ்டமி என்றைக்கு என்று பாருங்கள், மழைக்காலம் தாண்டி ஜனவரி, பிப்ரவரியில் வருவதாக இருந்தால் நல்லது. அன்று காலை பிரேயர் நேரத்தில் அரை நிலா மேற்குப் பக்கம் வெளிறிப்போய் நிற்கும், சூரியன் கிழக்கே. பூமியின் நிழல் சூரியனுக்கு நேர் எதிரே, அடிவானத்துக்குக் கீழே கிடக்கும், நிலாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு எலுமிச்சம்பழத்தை வெயிலில் நிலாவின் திசைக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். நிலாவில் எந்தப் பக்கம், எந்த அளவு வெளிச்சமோ, பழத்திலும் அதே பக்கம், அதே அளவு. வகுப்புக்கு ஒரு பழம் பத்தாது, ஏழெட்டாவது வாங்கிப் போங்கள், எல்லாரும் ஒருமுறை பிடித்துப் பார்க்க வேண்டும் என்பார்கள்.